ஸ்காட்லாந்தா, இங்கிலாந்தா? ‘கிரகாம்’ குடும்பப் பெயரின் வேரைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேட உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அந்தப் பெயரின் பொருளைத்தான். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பெயர் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயரோடு வாழ்ந்த உங்கள் ஆள் எங்கிருந்து வந்தார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் முதல் நாளே ஒன்றாக்கிவிட்டால், அப்புறம் கிடைக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் முன்பே முடிவுசெய்த கதைக்குள் திணிக்கத் தொடங்கிவிடுவோம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கிரகாம். இங்கிலாந்து ஊர் ஒன்றிலிருந்து பிறந்து, ஸ்காட்லாந்தில் வளர்ந்து, மீண்டும் எல்லை தாண்டி இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் போன பெயர். இதைத் தேடப் பழகிவிட்டால் எலியட், ஆம்ஸ்ட்ராங், பெல், ஸ்காட் போன்ற எல்லைப் பகுதிப் பெயர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவருடைய முழுப்பெயர், ஏறத்தாழப் பிறந்த ஆண்டு, வாழ்ந்த ஊர் அல்லது கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), எந்தக் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர் என்பவை வேண்டும். சபை எதற்கு என்று கேட்கலாம். எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ‘கிரகாம் குடும்பம்’ என்று பொதுவாகத் தொடங்கினால் ஆயிரக்கணக்கான பதிவுகள் வந்து விழும், ஒன்றும் பயன்படாது.

ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள் போதும். ஆவணத்தில் உள்ள தேதி, நாம் திருத்திய தேதி, ஆவணத்தில் உள்ளபடியே பெயரின் எழுத்து, இடம், எந்த ஆவணம், எவ்வளவு உறுதி என்று ஆறு பத்திகள் போடுங்கள். தேதிக்கு ஏன் இரண்டு பத்தி என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

கணக்குத் தொடங்க வேண்டிய தளங்கள் மூன்று. ஸ்காட்லாந்து ஆவணங்களுக்கு அரசு நடத்தும் ஸ்காட்லாந்ஸ் பீப்பிள், இரு நாடுகளுக்கும் இலவசமான ஃபேமிலி சர்ச், இங்கிலாந்துப் பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைக்கு ஃப்ரீ பிஎம்டி. ஸ்காட்லாந்ஸ் பீப்பிளில் பெயர்ப்பட்டியலைத் தேடக் காசு இல்லை. ஆவணத்தின் படத்தைத் திறக்கத்தான், காசு கொடுத்து வாங்கிய கிரெடிட் போகும். அதனால் பட்டியலிலேயே வடிகட்டி, ஒன்றிரண்டு பேர் மிஞ்சிய பிறகு படத்தைத் திறங்கள். புதியவர்கள் எதிரே தெரியும் எல்லா ஜான் கிரகாமையும் திறந்து பார்த்துக் காசைக் கரைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய கவுண்டி வரைபடம் ஒன்றும் வேண்டும். 1974-ல், ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து இங்கிலாந்துக் கவுண்டிகளான கம்பர்லாந்தும் வெஸ்ட்மோர்லாந்தும் கம்ப்ரியாவுக்குள் போயின. பழைய பதிவுகள் எல்லாம் பழைய கவுண்டிப் பெயரில்தான் இருக்கும்.

2. பெயரின் வடிவங்களை எழுதிவையுங்கள்

நாம் ‘கிரகாம்’ என்று எழுதினாலும் பிரிட்டனில் இது கிட்டத்தட்ட ‘கிரேயம்’ என்றுதான் ஒலிக்கும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் நடுவில் ஹெச் இல்லாத ஜி-ஆர்-ஏ-எம்-இ, ஜி-ஆர்-ஏ-இ-எம்-இ, கடைசியில் இ சேர்ந்த வடிவம், ஏ-க்குப் பின் ஒய் நுழைந்த வடிவம் எல்லாமே வரும். ஒரே அப்பாவின் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பது சாதாரணம்.

தேடுபெட்டியில் முதல் மூன்று எழுத்தும் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடுவது நல்ல பழக்கம். ‘எங்கள் வீட்டுப் பெயரில் கடைசியில் இ உண்டு, அது இல்லாதவர் எங்கள் ஆள் இல்லை’ என்று ஒதுக்குவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தப்பு. எழுத்துக்கூட்டல் நிலைப்பட்டது மிகவும் பிற்காலத்தில்.

நடுப்பெயரை நம்பி இறங்காதீர்கள். ஸ்காட்லாந்தில் அம்மா அல்லது பாட்டியின் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைப்பது வழக்கம் என்பதால் அது நல்ல துப்பு. ஆனால் துப்பு மட்டுமே. 1847-ல் எடின்பரோவில் பிறந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அவருக்கு நடுப்பெயரே கிடையாது. பதினோராவது பிறந்தநாளில்தான், குடும்ப நண்பரான அலெக்சாண்டர் கிரகாம் என்பவரின் நினைவாக அதைச் சேர்த்துக்கொண்டார். உலகம் முழுக்கத் தெரிந்த ‘கிரகாம்’ ஒரு கிரகாம் குடும்பத்துக்காரரே இல்லை.

3. இன்றிலிருந்து பின்னோக்கி நடங்கள்

ஒரு தலைமுறைக்கு ஆதாரம் கிடைத்த பிறகே அதற்கு முந்தைய தலைமுறைக்குப் போக வேண்டும். மேலிருந்து கீழே வரக் கூடாது. 1298-ல் ஃபால்கர்க் போரில் இறந்த சர் ஜான் டி கிரகாமிலிருந்து இறங்கி வந்தால் எங்கோ ஓரிடத்தில் ஊகத்தால் பாலம் கட்ட வேண்டிவரும். அந்தப் பாலம் எப்போதும் புகழ்பெற்றவர்கள் பக்கமே சாயும்.

ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்து பின்னால் தொடங்கினாலும் அதன் சான்றிதழ் எவ்வளவோ விவரமானது. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டும் இருக்கும். திருமணச் சான்றிதழில் இரு வீட்டுப் பெற்றோரும் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில், 1856 முதல் 1860 வரையிலான இடைவெளி தவிர, பெற்றோரின் திருமண நாளும் இடமும்கூட இருக்கும். இங்கிலாந்து இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கே இடமில்லை. திருமணச் சான்றிதழில் அப்பாக்கள் மட்டும்தான். அம்மாக்களின் பெயர் அதில் ஏறியது 2021-ல்.

இதிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. உங்கள் ஆள் இங்கிலாந்தின் எல்லையோர நகரமான கார்லைல் பக்கம் இறந்து தடயம் நின்றுபோனால், அவருடைய உடன்பிறந்தவர்களில் யாராவது 1855-க்குப் பிறகு ஸ்காட்லாந்தில் இறந்தார்களா என்று பாருங்கள். அண்ணனோ அக்காவோ கிளாஸ்கோவில் வேலைக்குப் போய் அங்கேயே இறந்திருந்தால், அந்த ஒரு சான்றிதழ் 1780-களில் திருமணமான பெற்றோரின் பெயரைத் தந்துவிடும். நேர்வழி அடைத்துக்கொண்டால் பக்கத்து வழியாகப் போக வேண்டும் என்பதை இங்கே கற்றுக்கொண்டால் மற்ற படிகளிலும் கைகொடுக்கும். இறப்பைப் பதியச் சொன்னவருக்கு, இறந்தவரின் பெற்றோர் பெயர் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாகவோ தப்பாகவோ இருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

பெண்களைத் தேடும்போது இன்னொரு வேறுபாடு. ஸ்காட்லாந்து ஆவணங்களிலும் கல்லறைக் கற்களிலும் மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரிலேயே அடிக்கடி வருவார். இங்கிலாந்தில் கணவர் பெயர் மட்டும். ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணை இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

உங்கள் ஆள் இந்தியாவில் இருந்தவர் என்றால் பின்னோக்கிய நடை இங்கிருந்துதான் தொடங்கும். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் ‘என்/2’ என்ற வரிசையில், 1698 முதல் 1948 வரை இருக்கின்றன. எழும்பூரில் 1821-ல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்டிஷ் சபையின் ஆலயம் என்பதால், ஸ்காட்லாந்துக்காரர் என்ற சந்தேகம் இருந்தால் அதன் பதிவுகளை முதலில் பாருங்கள். எந்த ஊர்க்காரர் என்ற தகவல் அங்கே இல்லாவிட்டால் உயிலைத் தேடுங்கள். உயிலில் ஊரில் இருக்கும் அக்கா தங்கைகளின் பெயர் வந்துவிடும்.

4. சென்சஸ்: சுருக்கமாக

1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. 1841-ல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். அதில் 35 என்றிருந்தால் 35 முதல் 39 வரை எதுவாகவும் இருக்கலாம். பிறந்த ஊர் 1851-லிருந்துதான் வரும். எல்லைக்கு அப்பால் பிறந்தவர் என்றால் சில சமயம் ‘ஸ்காட்லாந்து’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒரே ஆளை எல்லா ஆண்டுகளிலும் பாருங்கள். ஒன்றில் இல்லாத ஊர் இன்னொன்றில் இருக்கும்.

1881 சென்சஸை வைத்துப் பெயர்களின் பரவலைப் பார்க்கலாம். கிரகாம்கள் கம்பர்லாந்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ்ஷயரிலும் நெருக்கமாகத் தெரிவார்கள். அது 1881-ல் யார் எங்கே இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லும். பெயர் பிறந்த இடத்தைச் சொல்லாது. கிரகாம் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு என்பதை எட்டாம் படியில் பார்ப்போம்.

5. தேவாலயப் பதிவேடுகள்: இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

இங்கிலாந்தில் பதிவேடு வைக்கும் ஆணை 1538-ல் வந்தது. ஸ்காட்லாந்தில் எஞ்சியிருப்பதில் ஆகப் பழையது 1553-ஐச் சேர்ந்த எரல் ஊர்ப் பதிவேடு. பெரும்பாலான ஊர்களில் அதற்கு வெகுகாலம் பிறகே தொடங்குகிறது. ‘பதிவு இல்லை’ என்று முடிவு செய்யும் முன் அந்த ஊரின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

முதல் பொறி, நாட்காட்டி. இங்கிலாந்தில் 1752 வரை ஆண்டுப் பிறப்பு மார்ச் 25. ஸ்காட்லாந்து 1600-லேயே ஜனவரி 1-க்கு மாறிவிட்டது. எனவே கம்பர்லாந்துப் பதிவேட்டில் ‘1640 பிப்ரவரி 10’ என்றிருந்தால் அது நம் கணக்கில் 1641. சில மைல் தள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் அதே தேதி எழுதியிருந்தால் அது 1640-தான். இதைக் கவனிக்காமல், அண்ணன் பிறந்து சில மாதங்களிலேயே தம்பி பிறந்ததாகக் கணக்கு வந்து, ‘இவர்கள் வேறு குடும்பம்’ என்று நல்ல ஆதாரத்தைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. இரண்டு பத்தி போடச் சொன்னது இதற்காகத்தான். 1640/41 என்று எழுதும் பழக்கம் இன்னும் நல்லது.

இரண்டாவது, வரி. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி. அந்த ஆண்டுகளில் ஏழைகள் பலர் பதியாமலே விட்டார்கள். சிலர் வரி போகும்வரை காத்திருந்து எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகப் பதிந்தார்கள்.

மூன்றாவது, சபை. ஸ்காட்லாந்தின் பழைய பாரிஷ் (ஆலய வட்டார) பதிவேடுகள் அரசு ஏற்ற சபையினுடையவை. 1733-க்குப் பிறகு பிரிந்துபோன சபைகளின் பிள்ளைகள் அவற்றில் இல்லாமல் போகலாம்.

நான்காவது, திருமணம். 1754-ல் இங்கிலாந்தில் ஆலயத்தில் முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்றானது. ஸ்காட்லாந்தில் அப்போது சாட்சிகள் முன் ஒப்புக்கொண்டாலே போதுமாக இருந்தது. உடனே எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓட ஆரம்பித்தார்கள். கிரகாம்கள் நிறைந்திருந்த லாங்டவுனிலிருந்து கிரெட்னா கூப்பிடு தூரம். கம்பர்லாந்தில் திருமணப் பதிவே இல்லாத தம்பதிக்கு அங்கே தேடுங்கள். 1857 முதல், மணப்பவர்களில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு இந்த ஓட்டம் குறைந்தது.

6. எல்லைப் பகுதிக்குள் நுழைந்ததும் நாட்டை மறந்துவிடுங்கள்

எஸ்க், சார்க் ஆறுகளுக்கு இடையில் ‘டிபேட்டபிள் லேண்ட்’ என்று ஒரு நிலம் இருந்தது. இரண்டு அரசுகளும் உரிமை கோரின, இரண்டின் சட்டமும் அங்கே செல்லவில்லை. ஆம்ஸ்ட்ராங்குகளும் கிரகாம்களும் அங்கே குடியேறி, இரண்டு பக்கமும் மாடு கவர்ந்து பிழைத்தார்கள். 1552-ல் பிரெஞ்சுத் தூதரின் மத்தியஸ்தத்தோடு கோடு கிழித்து, ஸ்காட்ஸ் டைக் என்ற மண்மேட்டை எழுப்பினார்கள். கேனன்பி ஸ்காட்லாந்துக்கும் கர்க்ஆண்ட்ரூஸ் இங்கிலாந்துக்கும் போயின.

ஆகவே 1540-ல் அங்கே வாழ்ந்த கிரகாம் ‘ஸ்காட்டிஷா, ஆங்கிலேயரா’ என்ற கேள்விக்கு அவருடைய அரசரிடமே பதில் இருந்திருக்காது. இந்தக் காலத்துக்கு ஆவணம் தேடும்போது இரண்டு நாட்டுத் தொகுப்புகளையும் பார்க்க வேண்டும் என்பதுதான் நமக்கு இதில் முக்கியம்.

அடுத்த சிக்கல், ஒரே பெயர்கள். ரிச்சர்ட், வில்லியம், ஃபெர்கஸ், ஜான் என்று திரும்பத் திரும்ப வரும். அதனால் ஊர்க்காரர்கள் வீட்டையோ இடத்தையோ சேர்த்து அழைத்தார்கள்: மோட் ஃபெர்கஸ், பிராக்கன்ஹில் ரிச்சி, பியர்ட்ரீ ஜாக். நம் ஊரில் மேலத்தெரு முருகன், கிணத்தடி முருகன் என்பது போல. இந்த அடைமொழியைத் தனிப் பத்தியில் குறித்துவையுங்கள். ஒரு ரிச்சர்டிலிருந்து இன்னொரு ரிச்சர்டைப் பிரிக்க வேறு வழி பல நேரம் இருக்காது. இங்கிலாந்து அரசுக்கு எல்லை அதிகாரிகள் எழுதிய கடிதங்களின் சுருக்கங்கள் 1894-லும் 1896-லும் இரண்டு தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அவற்றின் பெயர்ப்பட்டியலில் கிரகாம்கள் குவிந்து கிடக்கிறார்கள்.

1603-ல் இரண்டு நாடுகளுக்கும் ஒரே அரசர் ஆனதும் அது இரண்டு பகை அரசுகளின் எல்லையாக இல்லாமல் போனது. அந்த அரசரான, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இந்தக் குடும்பத்தைக் குறிவைத்துக் கலைத்தார். சிலரை நெதர்லாந்தில் இருந்த படைகளுக்கும், 1606-ல் பல குடும்பங்களை அயர்லாந்தின் ராஸ்காமனுக்கும் அனுப்பினார்கள். நிறையப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அதனால் உங்கள் ஆள் அயர்லாந்தில் தென்பட்டால் ‘நாடு கடத்தப்பட்டவர் வழி’ என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் நிலம் பெற்றுத் தாமே குடியேறிய கிரகாம்களும் இருந்தார்கள். அயர்லாந்துப் பக்கம் 1922-ல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் ஏராளமானவை போய்விட்டன. அங்கே 1847 முதல் 1864 வரை வந்த கிரிஃபித் நில மதிப்பீட்டிலிருந்து தொடங்குவதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

7. பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு இடம் விடுங்கள்

1603-ல் மெக்ரெகர் என்ற பெயரையே ஸ்காட்லாந்து அரசு தடைசெய்தது. தடை நடுவில் நீங்கி, 1693-ல் திரும்ப வந்து, 1774-ல்தான் முழுதாகப் போனது. அந்தக் குலத்தவர் கேம்பெல், மரி, டிரம்மண்ட், கிரகாம் என்று அக்கம்பக்கத்துப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பெர்த்ஷயரின் மேற்கிலோ ஸ்டர்லிங்ஷயரிலோ 1700-களில் ஒரு கிரகாம் கிடைத்தால் இந்த வாய்ப்பையும் குறித்துவையுங்கள்.

அப்புறம் ஒரு கட்டுக்கதை. ஜேம்ஸ் அரசருக்குப் பயந்து கிரகாம்கள் பெயரைப் பின்னிருந்து எழுதி ‘மஹார்க்’ ஆனார்கள் என்பார்கள். ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டால் அழகாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். மஹார்க் என்பது தென்மேற்கு ஸ்காட்லாந்தின் மெக்ஹார்க் என்ற தனிப் பெயரின் வடிவம்.

8. இப்போது பெயரின் மூலத்துக்கு வாருங்கள்

இவ்வளவு தூரம் வந்த பிறகு பார்த்தால் பெயரின் மூலம் தெளிவாகவே இருக்கிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பது, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள கிராந்தம். மார்கரெட் தாட்சர் பிறந்த அதே ஊர். இங்கிலாந்து நிலங்களைக் கணக்கெடுத்த 1086-ன் டூம்ஸ்டே ஏட்டில் அந்த ஊரின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது, அவற்றில் ஒன்று ‘கிரகாம்’ என்பதற்கான எழுத்துகளே. கடைசி அசை பழைய ஆங்கிலத்தில் குடியிருப்பைக் குறிப்பது.

ஸ்காட்லாந்துக்கு அந்தப் பெயர் போனது அந்நாட்டு அரசர் முதலாம் டேவிட் காலத்தில். அவர் அரசராகும் முன்பே திருமணத்தின் வழியாக இங்கிலாந்தின் ஹன்டிங்டன் பிரபு. 1124-ல் முடிசூடியதும் தெரிந்த ஆங்கிலோ-நார்மன் ஆட்களை வடக்கே அழைத்து நிலம் கொடுத்தார். 1128-ல் அவர் நிறுவிய ஹோலிரூட் மடத்தின் சாசனத்தில் சாட்சிகளில் ஒருவர் வில்லியம் டி கிரகாம். அபர்கார்ன், டால்கீத் நிலங்கள் அவருக்குக் கிடைத்தன. மான்ட்ரோஸ் பிரபுக் குடும்பம் தன் கிளையை அவர்வரை கொண்டுபோகிறது.

எந்தப் பெயரின் மூலத்தையும் மூன்று கேள்வியால் சோதியுங்கள். சொல்லப்படும் மூலத்துக்கு மிகப் பழைய எழுத்துவடிவம் ஒத்துவருகிறதா? அந்த ஆள் அங்கிருந்து இங்கு வரக் காரணம் இருந்ததா? முன்னால் ‘டி’ போன்ற, ஊரைக் காட்டும் சொல் இருக்கிறதா? கிராந்தம் மூன்றிலும் தேறுகிறது. ரோமானியரின் ஆன்டனைன் சுவரை உடைத்த கிரீம் என்ற வீரனின் வழி என்ற பழங்கதை ஒன்றிலும் தேறாது. அந்தச் சுவரை ‘கிரகாம் டைக்’ என்று மக்கள் அழைத்ததைப் பார்த்துப் பிற்காலத்தில் கட்டிய கதை அது.

அகராதி பார்க்கும்போது ஸ்காட்லாந்துப் பெயர்களுக்கு ஜார்ஜ் பிளாக் 1946-ல் வெளியிட்டதும், 2016-ல் ஆக்ஸ்போர்டு நான்கு தொகுதிகளாக வெளியிட்டதும் போதும். இரண்டிலும் பழைய ஆவணமும் ஆண்டும் தருகிறார்கள். ஆண்டு போடாமல் ‘வீரம் நிறைந்த பழம்பெரும் குடும்பம்’ என்று எழுதும் தளங்களை மூடிவிடுங்கள்.

9. கேடயமும் டிஎன்ஏவும்

பிரிட்டிஷ் சட்டப்படி கேடயச் சின்னம் ஒரு ஆளுக்கு உரியது, குடும்பப் பெயருக்கு உரியது அல்ல. ஸ்காட்லாந்தில் லார்ட் லயன் நீதிமன்றம் 1672 முதல் இதற்குப் பதிவேடு வைத்திருக்கிறது. கடையில் சட்டமிட்டு விற்கும் ‘கிரகாம் குடும்பக் கேடயம்’ யாரோ ஒரு கிரகாமினுடையது. சுவரில் மாட்டலாம், ஆதாரமாக எடுக்க முடியாது.

டிஎன்ஏவைக் காகிதம் தீர்ந்த பிறகு செய்யுங்கள். ஒய் குரோமோசோம் சோதனை அப்பாவிலிருந்து மகனுக்குப் போகும் கோட்டை மட்டும் காட்டும். தேடுபவர் பெண் என்றால் அண்ணன், அப்பா, சித்தப்பா என்று அதே கோட்டில் உள்ள ஆணிடம் மாதிரி வாங்க வேண்டும். கிரகாம்கள் எல்லோரும் ஒரே குழுவில் விழ மாட்டார்கள். தத்தெடுப்பு, பெயர் மாற்றம், அம்மா வழியில் வந்த பெயர், பண்ணையாரின் பெயரை எடுத்த குடியானவர் என்று காரணங்கள் உண்டு. முடிவு மெக்ரெகர் குழுவோடு ஒட்டினால் ஏழாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த ஊர்ப் பதிவேடுகளை மறுபடி திறங்கள். குழு பொருந்தினாலும், எந்தத் தலைமுறையில் இரு கோடுகளும் சேர்கின்றன என்பதை டிஎன்ஏ மட்டும் சொல்லிவிடாது.

10. எழுதி வைக்கும் விதம்

ஒவ்வொரு இணைப்புக்கும் ‘ஆவணம் உண்டு’, ‘ஊகம்’, ‘குடும்பத்தில் சொல்வது’ என்று மூன்றில் ஒன்றைப் பக்கத்தில் போடுங்கள். பெரும்பாலான சாதாரணக் குடும்பங்களுக்கு ஆவணக் கோடு 1700-களில் எங்கோ நின்றுவிடும். வில்லியம் டி கிரகாமின் கதை அதற்கு ஆறு நூற்றாண்டு முந்தையது. இரண்டுக்கும் நடுவில் கோடு வரையாமல், தாளில் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். நாளை யாராவது ஒரு உயிலையோ நிலப் பத்திரத்தையோ கண்டுபிடித்தால் எழுத இடம் இருக்கும். ஸ்காட்லாந்தில் 1617 முதல் வைக்கப்பட்ட, நில உரிமை கைமாறுவதைக் குறிக்கும் சேசின் நிலப் பதிவேட்டைப் பெரும்பாலானோர் திறந்தே பார்ப்பதில்லை. நிலம் வைத்திருந்த குடும்பம் என்றால் அங்கே போங்கள்.